அழுகிறவர்களின் இடம்

ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே முப்பிடாதி வந்துவிடுவாள். இடுப்பில் பிள்ளை. ஜெபக்கூடத்தின் படிக்குக் கீழே, செருப்புகள் கிடக்கும் இடத்தை ஒட்டி நிற்பாள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "எனக்காவ ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்பாள். சிலர் தலையை அசைத்துவிட்டுப் போவார்கள். சிலர் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொள்வார்கள். ஆராதனை முடியும்வரை அவள் அங்கேயே நிற்பாள். மாரித்தாய் உள்ளே, பெண்கள் பக்கத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இப்படி நிற்க வேண்டும் என்று முப்பிடாதிக்கு யாரும் சொல்லவில்லை. உபதேசியார் பாக்கியநாதன் ஒரு வெள்ளிக்கிழமை பாடத்தில் சொன்னதை அவள் எடுத்துக்கொண்டாள்.

நல்லாண்டிபுரம் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. பருத்தியும் உளுந்தும் விளையும் பூமி. மழை இல்லாத வருஷங்களில் சீமைக்கருவேல் மட்டும் விளையும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். காலனியில் பாதிக்கு மேல் வேதத்துக்கு வந்தவர்கள். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். முப்பிடாதிக்கு எஸ்தர் என்று வைத்திருந்தார்கள். வாசலில் நிற்கத் தொடங்கியதும் எல்லாரும் பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டார்கள். பாக்கியநாதனும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பத்திரகாளியம்மன் பங்குனிப் பொங்கலுக்குக் கொட்டு அடிக்கக் காலனியிலிருந்து ஆள் வரவில்லை. தாங்கள் இனி அடிப்பதில்லை என்று சபை மூப்பர் சங்கரபாண்டி ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் ஊர்க்கட்டுப்பாடு வந்தது. வேதத்துக்குப் போனவர்களுக்குக் கடையில் உப்புக்கூடக் கொடுக்கக்கூடாது. நல்ல தண்ணீர்க் கிணற்றில் வாளி போடக்கூடாது. ஊர்த்தெரு வழியாக நடக்கக்கூடாது. பஸ் நிற்பது ஊர்த்தெருவில்தான். அம்மன் வாசலுக்கு வந்து தேங்காய் உடைத்து, விபூதி பூசிக்கொள்கிறவர்களுக்கு மட்டும் இது எதுவும் கிடையாது.

அன்று இரவு பாக்கியநாதன் எல்லாரையும் ஜெபக்கூடத்தில் கூட்டினார். ஆதிச்சபையார் பட்டதைச் சொன்னார். ஒரு சிட்டிகைத் தூபம் போட்டால் போதும், உயிரோடு விட்டுவிடுகிறோம் என்று ரோம அதிகாரிகள் சொன்னதையும், போட மாட்டோம் என்று சொல்லிச் செத்தவர்களையும் பற்றிச் சொன்னார். அவர் நன்றாகப் பேசுகிறவர். பேசி முடித்தபோது பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். "ஒருத்தரும் அந்த வாசலுக்குப் போகக்கூடாது" என்றார். போகமாட்டோம் என்று எல்லாரும் கை உயர்த்தினார்கள்.

அவர் படுத்த பிறகு ஓட்டின்மேல் ஒரு கல் விழுந்தது. ஒரே ஒரு கல்.

விடியுமுன் மனைவி குணசீலியைக் கூட்டிக்கொண்டு பருத்திக் காட்டு வழியாக நடந்து சாலைக்கு வந்து பஸ் ஏறினார். அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கப் போவதாக மூப்பரிடம் சொல்லியிருந்தார். கோவில்பட்டியில் மனுவைக் கொடுத்து முடித்தபோது மத்தியானம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கிருந்து இருவரும் கயத்தாற்றுக்குப் போனார்கள். குணசீலியின் தம்பி வீடு அங்கே இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கோவில்பட்டிக்குப் போய் மனு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம் என்று நினைத்தார். போகவில்லை. கட்டுப்பாடு முடிகிறவரை கயத்தாற்றிலேயே இருந்தார். அதிகாரிகள் வந்து இரு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசிய அன்று, அவர்களுடைய ஜீப்பிலேயே ஏறிக் காலனியில் வந்து இறங்கினார். ஜனங்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இத்தனை நாளும் அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து கூட்டிவந்ததாக நினைத்தார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குள் காலனியில் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன.

அடிபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். அதையும் கண்மாய்க் கலங்கலையும் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றால் போயிற்று. மாரித்தாயின் மகன் தானியேலுக்கும் முப்பிடாதியின் மகளுக்கும் ஒரே நாளில் கண் செருகிவிட்டது. மாரித்தாய் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வழியாகச் சாலைக்கு ஓடினாள். கரிசல் வெடித்துக் கிடந்த நேரம். பிளவில் கால் மாட்டி இரண்டு இடத்தில் விழுந்தாள். சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு உயிர் இல்லை. முப்பிடாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் போனாள். அம்மன் வாசலில் தேங்காய் உடைத்தாள். விபூதி பூசிக்கொண்டாள், பிள்ளைக்கும் பூசினாள். ஊர்க்காரர் ஒருவரே தம்முடைய வேனை எடுத்து இருவரையும் கோவில்பட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

சபையில் வேறு ஒருவரும் அந்த வாசலுக்குப் போகவில்லை.

கட்டுப்பாடு முடிந்து வந்த வெள்ளிக்கிழமை பாடத்தில் சங்கரபாண்டிதான் கேட்டார். அவர் எதையும் பாதி கேலியாகவே கேட்பார்.

"உபதேசியாரே, அந்தக் காலத்துலயும் எல்லாரும் சிங்கத்து வாயில போயி விழுந்திருக்க மாட்டாவ. தூபத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போனவனும் இருந்திருப்பாம்லா?"

"நிறையப் பேரு இருந்தாவ."

"அவியளை என்ன செஞ்சாவ?"

முப்பிடாதி கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாக்கியநாதன் அவளைப் பார்த்தார். பிறகு தம்முடைய வேதப்பள்ளிப் பாடத்தில் படித்ததைச் சொன்னார். விழுந்தவர்கள் திரும்பிவந்தால் உடனே உள்ளே விடமாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு இடம் உண்டு. கோயில் கதவுக்கு வெளியே, மழையானாலும் வெயிலானாலும் அங்கேதான் நிற்க வேண்டும். அழுகிறவர்கள் என்றே அவர்களுக்குப் பெயர். உள்ளே போகிறவர்களைப் பார்த்து, எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கெஞ்ச வேண்டும். வருஷக்கணக்கில் நின்றவர்கள் உண்டு.

ஜெபக்கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. அதோடு பாடத்தை முடித்துக்கொண்டார். மீதியும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி படியேறவில்லை. பாக்கியநாதன் கதவருகே போய், உள்ளே வா என்று கூப்பிட வாயெடுத்தார். பின்னாலிருந்து சங்கரபாண்டி மெதுவாகச் சொன்னார்.

"நிக்கட்டும் உபதேசியாரே. முறைன்னு நீங்கதான சொன்னீங்க. மாரித்தாயி மொகத்தைப் பாருங்க."

பார்த்தார். மாரித்தாய் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள். பிள்ளை இல்லாத அந்த மடியைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வாரம் நிற்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து அதைப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. அவள் வெளியே நிற்க நிற்க, உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கட்டுப்பாட்டின்போது தாகத்தில் கிடந்தவர்கள், அடுப்பு எரியாமல் கிடந்தவர்கள். அவர்கள் தாங்கியதற்கு அவள் சாட்சியாக நின்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் நனைந்து காலோடு வந்தது. நடக்கிறவர்களின் பாதம் ஆனைக்கால்போல வீங்கித் தெரியும். முப்பிடாதி ஒரு யூரியா சாக்கைத் தலையில் முக்காடுபோல மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளை நடக்கப் பழகியிருந்தது. இடுப்பில் இருக்கவில்லை. ஒரு ஞாயிறு அது வழுக்கிக்கொண்டு இறங்கிப் படியேறி உள்ளே போய்விட்டது. சேற்றுக் காலோடு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடந்தது. பாக்கியநாதன் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், மூடியபடியே பார்த்தார்கள். முப்பிடாதி படியில் கை வைத்து, "ஏட்டி, வா... வாட்டி இங்கன" என்று கிசுகிசுத்தாள். கையை உள்ளே நீட்டினாளே தவிரக் காலை வைக்கவில்லை.

பிள்ளை முதல் வரிசைக்குப் போய் மாரித்தாயின் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மாரித்தாய் கொஞ்ச நேரம் அதை அப்படியே விட்டாள். பிறகு எழுந்து, பிள்ளையின் இரு கக்கத்திலும் கை கொடுத்து, தன் உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். படியில் இறக்கி வைத்தாள். முப்பிடாதியின் கையில் கொடுக்கவில்லை. திரும்பிவந்து உட்கார்ந்தாள். அவளுடைய சேலையில் சின்னதாக இரண்டு கரிசல் கை தெரிந்தது.

பாக்கியநாதன் ஜெபத்தை எங்கே விட்டார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆமென் சொல்லி முடித்துவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் முப்பிடாதி அவர் வீட்டுக்கு வந்தாள். அங்கேயும் உள்ளே வரவில்லை. முற்றத்தில் நின்றாள்.

"இவ அப்பா திருப்பூர்ல வீடு பார்த்துட்டாவளாம். தை பொறந்ததும் கூட்டிட்டுப் போக வாராவ."

"நல்லதுதானம்மா."

"கிறிஸ்மஸ் ஆராதனைக்குச் சேகரகுரு வருவாவல்லா. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துருவாவளா?"

பாக்கியநாதனுக்கு முறை தெரியும். தாய் வெளியே நிற்கும்போது பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

"நான் எத்தனை நாளும் நிப்பேன்யா. எனக்கு அது ஒண்ணுமில்ல. இதுக்கும் அன்னைக்கு நெத்தியில விபூதியைப் பூசிட்டேன்லா. அதுக்கு மேல இவ மேல தண்ணி படலைன்னா இவ யாருன்னு ஆவா? போற ஊருல யாரையும் தெரியாது. இங்கன உள்ள நின்னு ஒரே ஒரு தடவை வாங்கிட்டுப் போயிருதேன்."

"மூப்பர்ட்ட பேசுதேன்."

"மூப்பர்ட்டக் கேட்டேன். மாரித்தாயக்கா சொன்னாச் சரிங்காவ."

"மாரித்தாய்ட்டக் கேட்டியா?"

"அவிய கிட்ட நான் எந்த மொகத்தை வச்சிட்டுக் கேக்க?" என்றாள்.

அவர் கோவில்பட்டிக்குப் போய், சுற்றுவட்டச் சபைகளுக்கெல்லாம் குருவான சேகரகுருவைப் பார்த்தார். அவர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நான் யாரையும் வெளியே நிறுத்தச் சொல்லலையே உபதேசியாரே. நீர் கட்டின கட்டு, நீரே அவிழும். சபை சம்மதிச்சா அன்னைக்கே அவளுக்குத் திருவிருந்தும் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்திருதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து குணசீலியிடம் சொன்னார். அவள் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவிய தாத்தாமார் எல்லாம் அம்மன் கோயிலுக்கு வெளிய நின்னவிய" என்றாள் குணசீலி. "அது வேண்டாம்னு இங்க வந்தாவ. வந்து ஒருத்தியைப் பிடிச்சு வெளிய நிறுத்தியாச்சு."

"நான் நிறுத்தலை."

"பாதியைச் சொல்லி நிறுத்திட்டீங்க. மீதியையும் சொல்லிர வேண்டியதுதான."

மீதி என்ன என்று அவளுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில், அந்த வரலாற்றுப் பாடத்தை அவர் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்போது அது யாருடைய கதையோ. அதன்பிறகு கயத்தாற்றில் அவள் தம்பி வீட்டு மச்சில், காற்றாடிக்குக் கீழே, அவர் விழித்துக்கொண்டு கிடந்தபோது இருவருக்குமே அது நினைவில் இருந்தது.

"சொன்னா, நீர் எங்கன இருந்தீருன்னு கேப்பாவ" என்றார்.

"கேட்டா?"

அவர் எழுந்து வெளியே போனார். குணசீலி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்கழி முதல் வெள்ளிக்கிழமை பாடத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். கிறிஸ்மஸ் பாட்டுப் பழக்கமும் அன்றுதான். கதவு திறந்திருந்தது. முப்பிடாதி வெளியே நின்றாள். குழல் விளக்கின் வெளிச்சம் அவள் காலடிவரை போயிற்று.

பாக்கியநாதன் கார்த்தேஜ் என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். ஆப்பிரிக்காவின் வடகரையில் இருந்த பட்டணம். சபைக்குச் சிப்ரியான் என்று ஒரு கண்காணி, அதாவது பிஷப். தூபம் போடச் சொல்லிச் சக்கரவர்த்தியின் உத்தரவு வந்தது. நிறையப் பேர் போட்டார்கள். போடாதவர்களைச் சிறையில் வைத்தார்கள், பட்டினி போட்டார்கள். துன்பம் அடங்கியதும் விழுந்தவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று சபை இரண்டுபட்டது.

"இதுல ஒரு முறை இருந்தது. அன்னைக்கு நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். "சிறையில கிடந்து, எல்லாத்தையும் இழந்து, மறுதலிக்காமத் திரும்பினவங்க இருக்காங்கல்லா, அவங்க சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. அவங்க விழுந்தவனுக்காகப் பரிஞ்சு பேசினாச் சபை காது கொடுக்கும். கண்காணிக்கு அது பிடிக்கலைன்னாலும் தள்ளிர முடியாது."

எல்லாரும் மாரித்தாயைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"கடைசியில என்ன முடிவு பண்ணினாவ?" என்று சங்கரபாண்டி கேட்டார்.

"சேத்துக்கிட்டாங்க. மறுபடியும் துன்பம் வரும்போல இருந்துச்சு. வெளிய நிறுத்தி வச்சா அவங்க எதைப் பிடிச்சிட்டு நிப்பாங்கன்னு, சபை கூடி, நின்னு அழுதவங்க எல்லாரையும் உள்ள கூப்பிட்டாங்க."

"கண்காணியும் ஒத்துக்கிட்டாரா?"

"அவருதான் கூப்பிட்டாரு."

இங்கே நிறுத்தியிருக்கலாம். சங்கரபாண்டியின் முகம் இளகியிருந்தது. மாரித்தாய் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிந்து பேசச் சொல்லி அவளிடம் கேட்பதற்கு, இவ்வளவு சொன்னது போதாது என்று பாக்கியநாதனுக்குத் தோன்றியது. அவள் கொடுத்ததற்கு முன்னால் தாம் எதையாவது வைத்தாக வேண்டும்.

"அந்தக் கண்காணியும் துன்பம் வந்தப்ப ஊர்ல இல்ல" என்றார். "உத்தரவு வந்ததும் வெளியேறிட்டாரு. மறைவா இருந்தாரு. அங்கன இருந்து, உறுதியா நில்லுங்கன்னு சபைக்கு எழுதினாரு. எல்லாம் அடங்கின பிறகுதான் திரும்பி வந்தாரு. வந்து, விழுந்தவங்களுக்கு அவரே தீர்ப்புச் சொன்னாரு."

"அட" என்றார் சங்கரபாண்டி. "அது எப்படி?"

"சபைக்குத் தலை வேணும்னு போனதாச் சொன்னாரு. சில பேரு ஒத்துக்கிட்டாங்க. சில பேரு ஒத்துக்கலை."

"பெறகு அவருக்கு என்ன ஆச்சு?"

"பின்னால வந்த ஒரு சக்கரவர்த்தி காலத்துல பிடிச்சு வாளால வெட்டினாங்க. அப்ப அவரு ஓடலை."

"அப்பச் சரி" என்றார் சங்கரபாண்டி. அவருக்கு மூச்சு வந்ததுபோல இருந்தது. "கணக்கு நேராயிட்டு."

மாரித்தாய் தலையைத் தூக்கினாள். பாடத்தில் அவள் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"அவரு ஒளிஞ்சிருந்த இடத்துல தண்ணி இருந்துதா?"

"என்னம்மா?"

"நல்ல தண்ணி."

பாக்கியநாதன் அவளைப் பார்த்தார். அவள் கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப்போலவே இருந்தாள்.

"இருந்திருக்கும்" என்றார்.

அவள் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். வாசலுக்குப் போய்ப் படியில் இறங்கி முப்பிடாதிக்கு முன்னால் நின்றாள்.

"ஏட்டி, உள்ள போ" என்றாள்.

முப்பிடாதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா" என்று கையைப் பிடிக்கப் போனாள்.

"நான் சொல்லியாச்சு. போ. பிள்ளைக்குக் குளிருது."

முப்பிடாதி படியேறினாள். உள்ளே ஒரு பெண் "ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். சங்கரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ பாட்டை எடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில், மாரித்தாய் திரும்பி உள்ளே வராததைப் பாக்கியநாதன் மட்டும் கவனித்தார். அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

கிறிஸ்மஸ் அன்று சேகரகுரு வந்தார். முப்பிடாதியை எஸ்தர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீறிட்டு அழுதது, எல்லாரும் சிரித்தார்கள். திருவிருந்தில் முப்பிடாதி அப்பத்தை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பாக்கியநாதன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சேகரகுருவின் பின்னால் நகர்ந்தார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் யாரும் நெருங்கி உட்காரவில்லை.

தையில் முப்பிடாதியின் புருஷன் வந்து அவளையும் பிள்ளையையும் கூட்டிப்போனான். போகும்போது அவள் மாரித்தாய் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டாள் என்று குணசீலி சொன்னாள். மாரித்தாய் பிள்ளைக்கு ஒரு சட்டை கொடுத்தாளாம். பையன் சட்டை.

அதன்பிறகு ஒரு மத்தியானம் பாக்கியநாதன் மாரித்தாய் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்து, தீப்பெட்டி ஆபீஸ் வண்டி இறக்கிவிட்டுப் போன குச்சிகளை மரச்சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் நிற்கவில்லை.

"வாங்க உபதேசியாரே. அந்த ஸ்டூலை எடுத்துப் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"உன்னைக் காணலையேம்மா. உடம்புக்கு ஏதும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"முப்பிடாதியை உள்ள விட்டதுல வருத்தமா?"

"அவளை உள்ள போன்னதே நாந்தான. அதுல என்ன வருத்தம்."

"அப்ப எம்மேல."

அவள் ஒரு வரிசையை முடித்துக் கட்டையை வைத்து அழுத்தினாள்.

"எங்க அண்ணன் கயத்தாத்துல லாரி செட்டுல இருக்கான். உங்களுக்கு அவனைத் தெரியாது. பிள்ளையைப் புதைச்சு நாலு நாள் கழிச்சுத் துட்டி கேக்க வந்தான். வந்தவன், உங்க உபதேசியாரை நான் எங்க ஊரு டீக்கடையில பார்த்தேன், பேப்பர் படிச்சிட்டு இருந்தாருன்னான். நாள் சொன்னான். எம் பிள்ளையைப் புதைச்ச மறுநாளு."

பாக்கியநாதன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வேற யாரையாவது பார்த்திருப்பேன்னு சொல்லிட்டேன். அவன் வேதத்துக்கு வராதவன், வேணும்னுதான் சொல்லுதான்னு நினைச்சேன். துட்டிக்கு வந்தவனை ஒரு வாய் சாப்பிடச் சொல்லாம அனுப்பினேன். இன்னைக்கு வரைக்கும் பேச்சு இல்ல."

"மனு கொடுக்கணும்லா" என்றார் அவர்.

"கொடுத்தீங்க. அதுல ஒரு குறையும் சொல்லல. பயந்துபோயிப் போனதுக்கும் ஒண்ணும் சொல்லல. எனக்குந்தான் பயம். அன்னைக்குச் சேலை முந்தியில தேங்காய்க்குத் துட்டு முடிஞ்சு வச்சிருந்தேன். ஊர்த்தெரு முக்கு வரைக்கும் போனேன். நீங்க ராத்திரி சொன்னதெல்லாம் காதுல கேட்டுது. திரும்பிக் காட்டு வழியாப் போயிட்டேன்."

தெருவில் ஒரு பன்றி குட்டிகளோடு போயிற்று. அவள் அதை விரட்டிவிட்டுத் திரும்பக் குச்சியை எடுத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அன்னைக்கு நானும் போயி விபூதி பூசியிருந்தா, என்னையும் வாசல்ல நிக்க வச்சிருப்பீங்க. வேற ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டீங்கல்லா?"

"இல்ல."

"பெறகு உள்ள கூப்பிட்டிருப்பீங்க."

"கூப்பிட்டிருப்போம்."

அவள் தலையை அசைத்தாள். கணக்குச் சரிதான் என்பதுபோல.

"மழையில நின்னிருப்பேன்" என்றாள். "வெயில்ல நின்னிருப்பேன். எத்தனை வருசம்னாலும் நின்னிருப்பேன். அவனும் கீழ எறக்கிவிடுன்னு இடுப்புல இருந்து உதைச்சிருப்பான்."

நிறைந்த சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காலிச் சட்டம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாக்கியநாதன் போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் போகச் சொல்லவில்லை.